தலையில் தையல், கழுத்தில் தங்கம்!

பிளவக்கல் அணைப் பக்கம் பசங்க கையில் எப்பவும் கிரிக்கெட் மட்டைதான். “ஆசியப் போட்டி ஃபுட்பால்ல நாம தங்கம் வாங்கியிருக்கோம்டா” என்றால், “சும்மா ரீல் விடாதீங்கண்ணே!” என்கிறார்கள்.

நிஜம் சார்! 1962, ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று உதை. அப்புறம்தான் வேட்டை. தாய்லாந்து 4-1, ஜப்பான் 2-0, அரையிறுதியில் தென் வியட்நாம் 3-2. தலையில் தையலோடு நின்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் பயிற்சியாளர் ரஹீம்.

செப்டம்பர் 4, ஃபைனல். மறுபடி அதே கொரியா! பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2-1, தங்கம்!

புற்றுநோயோடு போராடிய ரஹீம் 1963 ஜூனில் மறைந்தார். அந்தக் கணக்கில் அதற்கப்புறம் தங்கம் வரவே இல்லை. வரவு வைக்க யாராவது ஒரு பய வரணும்!