எவர்சில்வரில் லேசர் எழுத்து: பூசும் விதத்தில்தான் இருக்கிறது

பாத்திரக் கடையில் குடத்தைக் கவிழ்த்து வைத்து, கைக்கருவியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவது நம் வணிகத்தில் நெடுநாள் வழக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அதே வேலை இன்று வேறு உருவில் வருகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கியபின் அங்கே தொழிற்கூடங்கள் பெருகின. அவற்றுக்கு எண் வில்லை, பெயர்த் தகடு, கருவிகளுக்கான அடையாளப் பட்டை எல்லாம் வேண்டும். ஆர்டர் எடுப்பவர் நாம். எழுத்து அழிந்தால் சரக்கு திரும்பி வருவதும் நம்மிடமே.

மரம், அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் உடையது. வெறும் எவர்சில்வர் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவேதான் மாலிப்டினம் கலந்த பூச்சைத் தடவுகிறார்கள். லேசர் பட்ட இடத்தில் பூச்சு சூடேறி, எஃகின் மேற்பரப்போடு கருநிறமாக ஒட்டிக்கொள்கிறது. தகடு குழிவதில்லை.

தவறு பெரும்பாலும் லேசருக்கு முன்பே நடந்துவிடுகிறது. தகட்டின் பாதுகாப்புப் படலத்தை முழுதும் உரிக்க வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து பிடிக்காது. மருந்துத் தூள் டப்பாவின் அடியில் தங்கும் இயல்புடையது. நன்றாகக் குலுக்காமல் அடித்தால் மேலே வருவது வெறும் திரவமே. எஃகின் பளபளப்பு மறையும் அளவுக்கு மெல்லியதாக, ஒரே சீராகப் பூசினால் போதும். கனமாகப் பூசினால் கருமை கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு: வெப்பம் அடிவரை எட்டாமல், கழுவும்போது எழுத்து உரிந்துவிடும். நன்கு காய்ந்த பிறகே லேசர் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மசகுக்காக விற்கும் மாலிப்டினம் டை சல்பைடு ஸ்பிரேயையே மலிவாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஒன்றிரண்டு சாவி வில்லைக்குச் சரி. பெரிய ஆர்டரை அதை நம்பி ஏற்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அதே தகட்டின் துண்டு ஒன்றில் வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் கழுவி, பாத்திரம் தேய்க்கும் நாரால் அழுத்தித் தேயுங்கள். மங்காத அளவு எதுவோ அதையே முழு ஆர்டருக்கும் வைக்கலாம். உணவுப் பாத்திரமானால் எழுத்து வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கட்டும்.

ஃபைபர் லேசர் வைத்திருப்பவருக்கு இந்தப் பூச்சே தேவையில்லை. அதன் ஒளி சுமார் 1.06 மைக்ரான், எஃகு அதை நன்றாக ஏற்கும். ஆனால் சூட்டில் கருக்கும் எழுத்தில் அளவு தவறினால், நாளடைவில் அந்த இடத்தில் துரு தோன்றக்கூடும். எனவே டப்பா வாங்கி அடுக்குமுன், வேலை செய்து தருபவரிடம் இருப்பது எந்த லேசர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.