எந்த வண்டி நல்ல வண்டி?

புதுச்சேரியில் மாலை வேளையில் நான்கு பேர் கூடினால், பேச்சு எப்படியும் வண்டியில் வந்து நிற்கும். "மாருதியைப் போல வராது" என்பார் ஒருவர். "ஹூண்டாய் வாங்கியவன் வேறு வண்டியைத் தொடமாட்டான்" என்பார் மற்றொருவர். கூட்டத்தில் வயது முதிர்ந்த ஓட்டுநர் ஒருவர் இருந்துவிட்டால், "அம்பாசிடர் ஓட்டாதவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று இருவரையும் அடக்கிவிடுவார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அனுபவம் மட்டுமே அளவுகோல் ஆகுமா?

இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. நள்ளிரவில் திண்டிவனத்திலிருந்து நோயாளி ஒருவரைக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு ஏற்றிவரும் கார் வழியில் நின்றுவிட்டால், அந்த அரைமணி நேரத்தின் விலை என்ன? கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுபவரின் வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தால், அந்த மாதத் தவணையை எப்படிக் கட்டுவார்? ஆகவே வண்டி ஏன் பழுதாகிறது, பழுதாகும் வண்டியின் மீதும் மனிதருக்கு ஏன் பற்று உண்டாகிறது என்னும் இரண்டையும் சிறிது இயற்பியலும் சிறிது கணக்கும் கொண்டு ஆராய்வோம்.

மூன்று கார்களின் காலம்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரியில், பின்னாலிருந்து ஆள் தள்ளிச் செல்லும் 'புஷ்' வண்டிகள் ஓடின. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. அதன்பின் வந்த கார்களையும் அவ்வப்போது தள்ளத்தான் வேண்டியிருந்தது!

அக்கால இந்தியாவில் கார் வாங்குவோர்க்கு மூன்றே முக்கியமான வழிகள் இருந்தன. வங்காளத்தின் உத்தர்பாராவில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பில் உருவான அம்பாசிடர் ஒன்று. பம்பாயின் குர்லாவில் உருவாகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் மற்றொன்று. நம் சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே இந்த நிலை மாறத் தொடங்கியது.

காத்திருந்து பெற்ற பொருளின் மீது பற்று உண்டாவது இயல்பு. ஆனால் அதுமட்டுமே காரணம் அன்று. அக்காரணத்தைக் காணுமுன், அந்தக் கார்கள் ஏன் நின்றன என்று பார்ப்போம்.

நின்ற வண்டியில் இயற்பியல்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. அக்காலக் கார்களில் இந்தப் பொறியை உண்டாக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரு சிறு உலோக முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். மெக்கானிக்குகள் இதைப் 'பிளாட்டினம்' என்பார்கள். ஆனால் பெரும்பாலும் அது டங்ஸ்டனே. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் 6000 பொறி. அதாவது நொடிக்கு 100. ஒரு மணி நேர ஓட்டத்தில் இம்முனைகள் 3,60,000 முறை பிரிந்து சேர்கின்றன! ஒவ்வொரு முறையும் நுண்ணளவு உலோகம் தீய்கிறது. முனைகளுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மாறினால் பொறி தவறும், வண்டி இருமும், பிறகு நிற்கும். ஓட்டுநர் உப்புத்தாளை எடுத்து முனைகளைத் தேய்த்துவிட்டு மீண்டும் கிளம்புவார்.

அடுத்தது கோடைகாலக் கதை. சென்னையிலிருந்து வரும் வழியில் காரை நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு வந்தால், அதுவரை நன்றாக ஓடிய வண்டி கிளம்ப மறுக்கும். ஏன்? பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 35, 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அக்காலக் கார்களில் பெட்ரோலை இழுத்துத் தரும் 'ஏ.சி. பம்பு' எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. (குளிர்சாதனத்திற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) வண்டி நின்றதும் விசிறி நிற்கும், எஞ்சினின் வெப்பம் பம்பில் ஏறும். மேலும், பம்பு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே. குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிறைந்துவிடும். பம்பு ஆவியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். இதுவே 'வேப்பர் லாக்' எனப்படும் ஆவி அடைப்பு.

ஓட்டுநர் என்ன செய்வார்? ஈரத்துணியைப் பம்பின் மீது சுற்றுவார். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பெட்ரோலிலிருந்தே எடுத்தால், 100 கிராம் பெட்ரோலின் வெப்பநிலை சுமார் 11 டிகிரி இறங்கிவிடும். உள்ளுறை வெப்பம் என்ற சொல்லைக் கேட்டறியாத ஓட்டுநரும் அதைப் பயன்படுத்தத் தெரிந்துவைத்திருந்தார்! இன்றைய கார்களிலோ மின்பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருந்துகொண்டு, சுமார் மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரிபொருளைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடியதால் கொதிநிலையும் கூடிவிட்டது. ஆவி அடைப்பு அரிதாகிவிட்டது.

கடற்காற்றின் வேலை

புதுச்சேரிக்கென்றே உரிய பகை ஒன்று உண்டு. அது கடற்காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து, உப்புத்துகள்களாக ஊருக்குள் வருகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். நம் ஊரின் இரவுகளில் அந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். ஆகவே மழையே இல்லாத நாளிலும் காரின் அடித்தகட்டின் மீது உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. இரும்பு, உப்புநீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. குருசுக்குப்பத்தில் வெட்டவெளியில் நிற்கும் கார், மதுரையில் நிற்கும் அதே காரைவிட விரைவில் துருப்பிடிப்பதற்கு உற்பத்தியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியையும் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு 150 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும் எனக் கொள்வோம். முனையில் 0.02 ஓம் தடை சேர்ந்துவிட்டால், ஓம் விதிப்படி 150-ஐ 0.02-ஆல் பெருக்க, 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 12 வோல்ட்டில் மோட்டாருக்குக் கிடைப்பது 9 தான். "பேட்டரி செத்துவிட்டது" என்று புதியது வாங்குமுன், முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள்.

சங்கிலிக் கணக்கு

ஒரு கார் ஓடுவதற்கு 100 உறுப்புகள் தவறாமல் இயங்க வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு நீண்ட பயணத்தில் தவறாமல் இயங்கும் நிகழ்தகவு 99 விழுக்காடு. இது நல்ல உறுப்பு என்றுதானே தோன்றுகிறது? ஆனால் நூறும் ஒருசேரத் தவறாமல் இயங்கும் நிகழ்தகவைக் காண 0.99-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.37. அதாவது 100 பயணங்களில் 37-இல் மட்டுமே வண்டி பழுதின்றி ஊர் போய்ச் சேரும்! உறுப்பின் தரம் 99.9 விழுக்காடானால் 90 பயணங்கள் தேறும், 99.99 ஆனால் 99 பயணங்கள் தேறும். காரின் தரம் என்பது எஞ்சினின் பெருமையில் மட்டும் இல்லை. ரப்பர்க் குழாயின் தரத்திலும், ஐந்து ரூபாய் வயர் முனையின் தரத்திலும் உள்ளது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில் என்பது போல.

இரண்டு எண்கள்

இத்தனை முறை நின்ற காரை மக்கள் ஏன் விரும்பினார்கள்? இங்கேதான் இரண்டாவது எண் வருகிறது. ஒரு வண்டியைப் பற்றி நாம் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை நாளுக்கு ஒருமுறை பழுதாகிறது? பழுதானால் எத்தனை நேரத்தில் சரியாகிறது?

எடுத்துக்காட்டாக, பழைய கார் ஒன்று 30 நாளுக்கு ஒருமுறை நிற்கிறது. தெருமுனை மெக்கானிக் இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிடுகிறார். புதிய கார் ஒன்று 1000 நாளுக்கு ஒருமுறைதான் நிற்கிறது. ஆனால் அதற்கான உறுப்பு வெளியூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகிறது. பழைய கார் பயன்படாமல் கிடந்தது மொத்த நேரத்தில் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு. புதிய கார் கிடந்ததோ சுமார் ஒரு விழுக்காடு. முப்பத்து மூன்று முறை நின்ற வண்டி, ஒரே முறை நின்ற வண்டியைவிட அதிக நேரம் உழைத்திருக்கிறது!

அம்பாசிடர் ஓட்டுநரின் பற்று இதுதான். பேட்டரி தீர்ந்தால் முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுழற்றிக் கிளப்பலாம். எந்தச் சிற்றூரிலும் அதன் உறுப்பும், அதை அறிந்த கைகளும் கிடைத்தன. அவர் பற்று வைத்தது கம்பெனியின் பெயரின் மீது என்பதைவிட, ஊர் ஊராகப் பரவியிருந்த மெக்கானிக்குகளின் மீது எனலாம்.

ஆனால் நள்ளிரவு நோயாளியை மறந்துவிடக் கூடாது. அவருக்கு இரண்டாவது எண்ணால் பயனில்லை. இன்றிரவு வண்டி நிற்காமல் போக வேண்டும், அவ்வளவே. ஆகவே நல்ல வண்டி எது என்பது, அது யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்தது.

37 பேரும் 8 பேரும்

இனி, கூட்டத்தில் வாதிட்டவர்களிடம் திரும்புவோம். ஒரே ஆலையில் செய்யப்பட்ட, ஒரே தரமுள்ள 100 கார்களை 100 பேர் வாங்குகிறார்கள். சராசரியாகக் காருக்கு ஆண்டில் ஒரு பழுது. பழுதுகள் தற்செயலாக நிகழ்ந்தால், அவை எப்படிப் பங்கிடப்படும்? ஆளுக்கு ஒன்று என்று வராது. இதற்கான விதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 1837-இல் தந்தார். அதன்படி 37 பேருக்கு ஒரு பழுதும் வராது. 37 பேருக்கு ஒன்று வரும். 18 பேருக்கு இரண்டு. மீதி 8 பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ வரும்.

அந்த 37 பேர், "இதைப் போல வண்டி உண்டா!" என்பார்கள். அந்த 8 பேர், "இந்தக் கம்பெனியின் வாசலையே மிதிக்கமாட்டேன்" என்பார்கள். வண்டியோ ஒன்றே! மாணவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: சங்கிலிக் கணக்கிலும் 37, இங்கும் 37. இது தற்செயல் அன்று. இரண்டிலும் ஒளிந்திருப்பது 2.718 என்னும் e என்ற எண்ணின் தலைகீழி.

மற்றொரு மயக்கமும் உண்டு. "அந்தக் காலத்து வண்டி இன்றும் ஓடுகிறது பார்" என்று பழைய கார் ஒன்றைக் காட்டுவார்கள். உண்மையே. ஆனால் அதனுடன் பிறந்து, பழைய இரும்புக்குப் போன கார்கள் நம் கண்ணில் படுவதில்லை. தேறியவற்றை மட்டும் பார்த்துத் தேர்வு எளிது என்று முடிவு கட்டலாமா?

பெயர் மீது வைக்கும் பற்றுக்கு உறுதிமொழியும் இல்லை. ஹெரால்டைத் தந்த ஆலை 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திற்று. அம்பாசிடர் 2014-இல் நின்றது. 2017-இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவுக்கு விற்கப்பட்டது. மறைமலைநகரில் கார் செய்துவந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒருவரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மேற்கண்ட விதிப்படி, சராசரி ஒரு பழுது என்றால் ஒருவர் சொல்லும் விடையில் கூடவோ குறையவோ ஒன்று வேறுபடலாம். அதாவது அவர் விடையால் ஏதும் தெரியாது. நூறு பேரைக் கேட்டால், 100 பழுதில் பத்துதான் முன்பின் வேறுபடும். நூறு பேர் கிடைக்காவிட்டாலும், ஒரே வண்டியைப் பல ஆண்டு ஓட்டிய பத்து வாடகைக் கார் ஓட்டுநர்களைக் கேட்கலாம். கேட்கும்போது இரண்டு எண்களையும் கேளுங்கள். உங்கள் ஊரில் அதன் உறுப்பு கிடைக்கிறதா, அதைத் தொடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

கடலோரத்தில் வாழ்பவர்கள், வண்டியின் மேற்புறத்தைத் துடைப்பதுடன் நின்றுவிடாமல், அடிப்பகுதியையும் அவ்வப்போது நன்னீரால் கழுவ வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கோ, அண்டை வீட்டு ஆட்டோவுக்கோ ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நின்ற நாள், காரணம், சரியாக ஆன நேரம், செலவு ஆகிய நான்கை மட்டும் ஓராண்டு எழுதி வாருங்கள். வகுப்பில் முப்பது பேர் எழுதினால் முப்பது வண்டிகளின் கணக்குச் சேரும். அதில் பழுதே வராதவை எத்தனை, மூன்றுக்கு மேல் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் புவாசோன் விதியுடன் ஒப்பிடுங்கள். அடுத்த முறை வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழும்போது, அந்த நோட்டைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள்.