மவுஸ் இல்லாமலே பில் போடலாம்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு, சிறிய மளிகைக் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. ஆனால் தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் நடுவே மவுஸை நகர்த்த ஒரு சாண் இடம்கூடப் பல கடைகளில் இல்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு, மேசையெல்லாம் மாவுத் தூசி. பண்டிகைக் கூட்டத்தில் மவுஸ் நின்றுவிட்டால் வியாபாரமும் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கீபோர்டு ஒன்றே போதும்.

மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் முதன்முதலாகப் பலரறியச் செய்து காட்டினார். அது எல்லோர் மேசைக்கும் வரப் பல ஆண்டுகள் ஆயின. நம்மில் பலர் கணக்கெழுதும் டாலியும் 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. டாஸ் காலத்தில் பிறந்தது. ஆகவே அதில் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் ஒரு விசை உண்டு.

முதலில் பொது விசைகள்

திரையில் அடுத்த கட்டத்துக்குப் போக டேப். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டேப். கட்டத்தில் டிக் அடிக்க ஸ்பேஸ்பார். சம்மதம் என்றால் எண்டர், வேண்டாம் என்றால் எஸ்கேப்.

புரோகிராமைத் திறக்க விண்டோஸ் விசையைத் தட்டி, பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து எண்டர் கொடுங்கள். பழைய கீபோர்டில் விண்டோஸ் விசை இல்லையென்றால் கண்ட்ரோலும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தலாம். பில்லில் இருந்து விலைப் பட்டியலுக்குப் போய்த் திரும்ப ஆல்ட், டேப். திறந்ததை மூட ஆல்ட், எஃப் 4. மவுஸின் வலது பட்டன் செய்யும் வேலையை ஷிஃப்ட், எஃப் 10 செய்யும். எக்செல்லில் விலைப்பட்டியல் வைத்திருப்போர் பொருளைத் தேடக் கண்ட்ரோல், எஃப். கூட்டுத் தொகை போட ஆல்ட்டுடன் சமக் குறி.

டாலியில்

முகப்பில் 'வி' அழுத்தினால் வவுச்சர் திரை வரும். அங்கே பணம் கொடுத்தது எஃப் 5, பணம் வந்தது எஃப் 6, விற்பனை எஃப் 8, கொள்முதல் எஃப் 9. தேதி மாற்ற எஃப் 2. பட்டியலில் இல்லாத புதுச் சரக்கு வந்தால், பில்லை விட்டு வெளியே போகாமல் அந்த இடத்திலேயே ஆல்ட், சி அழுத்திச் சேர்த்துவிடலாம். எல்லாம் சரி என்றால் கண்ட்ரோல், ஏ, பில் பதிவாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆல்ட், டி அழுத்தினால் பில் அடியோடு அழியும். ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் பில் ரத்தாகும், ஆனால் அதன் எண் கணக்கில் நிற்கும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் எண் காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கடை முதலாளிதான். ஆகவே வாடிக்கையாளர் சரக்கு வேண்டாமென்று போய்விட்டால், அழிக்காமல் ரத்து செய்வதே நல்லது.

லேப்டாப் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: எஃப் வரிசை விசைகள் வேலை செய்யாமல் ஒலியோ வெளிச்சமோ கூடிக் குறைந்தால், கீழ் இடது மூலைப் பக்கம் இருக்கும் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள்.

பார்கோடும் ஒரு கீபோர்டே

கடைகளில் உள்ள பெரும்பாலான பார்கோடு கருவிகளைக் கம்ப்யூட்டர் இன்னொரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்கிறது. கருவி கோட்டைப் படித்து, எண்களை அடித்து, கடைசியில் எண்டரும் கொடுக்கிறது. அந்த எண்கள் கர்சர் நிற்கும் கட்டத்தில்தான் விழும். மவுஸால் வேறெங்கோ தட்டிவிட்டுக் கருவியை அழுத்தினால், சோப்பின் 13 இலக்க எண் அளவுக் கட்டத்தில் போய் உட்காரும்! கீபோர்டிலேயே நகர்ந்தால் கர்சர் எங்கே இருக்கிறது என்பது கண்ணில் இருக்கும். இந்தக் குழப்பம் குறையும்.

கரண்ட் போனால்

யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தால் அவகாசம் சில நிமிடங்களே. போட்டுக்கொண்டிருக்கும் பில்லை முதலில் பதிவு செய்யுங்கள். டாலியிலிருந்து எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். பிறகு விண்டோஸ் 10, 11 வைத்திருப்போர் விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, அடுத்து யு என்ற எழுத்தை இரண்டு முறை தட்டினால் கம்ப்யூட்டர் முறையாக அணையும். குடோனுக்கு எழுந்து போகும்போது விண்டோஸ் விசை, எல், திரை பூட்டிக்கொள்ளும். கடன் பாக்கி விவரம் பிறர் கண்ணில் படாது.

சுட்டியை நகர்த்தியே தீர வேண்டிய வேலை வந்தால் அதற்கும் வழியுண்டு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்குச் சம்மதம் கொடுங்கள். வலப்பக்க எண் விசைகளில் 8, 2, 4, 6 சுட்டியை நகர்த்தும், 5 தட்டும். இதை நெரிசல் இல்லாத நாளில் ஒருமுறை செய்து பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். எஃப் 8, ஆல்ட் சி, கண்ட்ரோல் ஏ என்ற மூன்றை இந்த வாரம் பழகுங்கள். மற்றவற்றை அட்டையில் எழுதிக் கல்லா அருகே ஒட்டி, பில் போடும் ஊழியர்களையும் பழகச் சொல்லுங்கள். ஒரு பில்லுக்குச் சில விநாடி மிச்சமானாலும், மாலைக் கூட்டத்தில் கடைசியாக நிற்கும் வாடிக்கையாளர் பொறுமை இழந்து அடுத்த கடைக்குப் போகாமல் இருக்க அது உதவும்.