நரியை அழைக்கும் குரல்

நரியைத் துரத்திப் பிடித்தவர் அரியர். இருந்த இடத்திலிருந்தே அதனைத் தம்மிடம் வரவழைத்தவரே வேட்டையில் வல்லவராக மதிக்கப்பெற்றனர். நம் நாட்டில் நரிக்குறவர்கள் இவ்வித்தையில் தேர்ந்திருந்தனர். இரவில் வலை விரித்து, மறைவில் அமர்ந்து, நரியைப் போலவே ஊளையிடுவார்கள். ஊளைக்கு ஊளையால் விடை கூறும் இயல்புடைய நம் நரி, தன் இனமென்று நம்பி வந்து அகப்படும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே நரி வேட்டை குற்றம்; ஆதலின் நம்மவர் எவரும் இதனைப் பயில வேண்டுவதில்லை. எனினும், குரலால் விலங்கை அழைக்கும் கலை ஆஸ்திரேலியாவில் இன்றும் வழக்கில் இருக்கிறது. அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது.

அந்நாட்டில் முன்பு நரியே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர், குதிரையேறி வேட்டையாடும் பொழுதுபோக்கிற்காகத் தம் நாட்டுச் செந்நரியைக் கப்பலில் கொண்டுவந்து விட்டனர். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் தம் பண்ணையில் முயல்களை விட்டார். முயல் பெருகிற்று, அதனை உண்டு நரியும் பெருகிற்று. நரியைக் கண்டறியாத அந்நாட்டுச் சிறு பிராணிகள் தப்பும் வகை தெரியாமல் மாண்டன. வார்னம்பூல் நகரை அடுத்த மிடில் தீவில் நூற்றுக்கணக்கில் வாழ்ந்த சின்னஞ்சிறு பெங்குவின்கள், கடல்நீர் வற்றும் வேளையில் நடந்து சென்ற நரிகளுக்கு இரையாகி, 2005-இல் பத்துக்கும் குறைவாயின. 2006-இல் மரெம்மா என்னும் இத்தாலிய ஆட்டுக்காவல் நாய்களை அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியப் பண்ணையாளர் நரியை அழைக்க ஊளையிடுவதில்லை. செந்நரி பெரும்பாலும் தனித்தே இரை தேடுவது. அதற்குப் பசியே பெரிய தூண்டுதல். எனவே துன்புறும் முயலின் அலறலே அவர்களுக்குத் தலையாய குரல். அதற்கான ஊதல் மிக எளியது. சிறு தகரத் துண்டை இரண்டாக மடித்து, நடுவே துளையிட்டு, உதட்டிற்கும் பல்லிற்கும் இடையே வைத்து மூச்சை இழுத்தும் விட்டும் பழகினால் முயலின் அலறல் எழும். நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்து டெண்டர்ஃபீல்டு என்னும் ஊரின் பெயரால் அது வழங்குகிறது.

உரத்த குரலே சிறந்த குரல் என்று புதியவர் எண்ணுவர். செந்நரியின் செவியைப் பற்றி அறிந்தவர் அவ்வாறு எண்ணார். 2015-இல் வெளியான ஓர் ஆய்வின்படி அது 51 ஹெர்ட்ஸ் முதல் 48,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. மனிதச் செவியோ 20,000-த்தோடு நின்றுவிடும். சருகின் கீழே எலி அசைவதைக் காதாலேயே குறிவைத்துப் பாயும் விலங்கு அது. அடுத்த புதரிலேயே அது படுத்திருக்கவும் கூடும். ஆகவே முதலில் தணிந்த குரலில் தொடங்கி, விடை இல்லையெனில் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை. வந்த நரி அருகில் நின்று தயங்கினால் எலியின் கீச்சொலியே ஏற்றது. அதற்கு ஊதலும் வேண்டா. புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினாற் போதும்.

பருவமும் நோக்கத்தக்கது. கோடையின் இறுதியில் தாயை விட்டுப் பிரியும் இளநரிகள் அனுபவம் இன்மையால் எளிதில் ஓடிவரும். ஜூன், ஜூலையில், அங்கே குளிர்காலத்தில், நரிகள் இணைசேரும். அப்போது பெட்டையின் கூக்குரலுக்கு ஆண் நரி செவிசாய்க்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டிகள் பிறக்கும். குட்டி கதறுவது போன்ற குரலை அப்போது எழுப்பித் தாயை வரவழைப்பாரும் உளர். அது நமக்கு மனம் ஒப்பாத செயல். தாய் சுடப்பட்டால் வளையிலுள்ள குட்டிகள் பட்டினியால் மெல்ல மெல்ல மாள வேண்டும். ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுத்த பண்ணையாளர் இதற்கு வேறு விடை கூறக்கூடும். அவர் துயரையும் நாம் மறுப்பதற்கில்லை.

எக்குரலை எழுப்பினும் காற்றின் போக்கை மறந்தால் பயனில்லை. நரி நேரே வாராது. ஆளின் வாடையைக் காற்று சுமந்து செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். ஒருமுறை ஏமாந்து குண்டுக்குத் தப்பிய நரி அக்குரலை எளிதில் மறக்காது. ஒரே வயலில் ஒரே ஊதலை நாள்தோறும் ஊதுவோர் அவ்வட்டாரத்து நரிகளுக்குக் கல்வி புகட்டுகின்றனர் என்றே சொல்ல வேண்டும்! அதனால்தான் கைதேர்ந்தவர்கள் இடத்தை மாற்றுகின்றனர்; முயலுக்குப் பதிலாகக் காயமுற்ற பறவையின் கதறலை எழுப்புகின்றனர். பல குரல்களைப் பதிவு செய்த மின்கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஆயினும் எப்போது நிறுத்துவது என்பதை அவை சொல்லித் தருவதில்லை.

இவ்வாறு ஒவ்வொன்றாகச் சுடுவதனால் அக்கண்டத்தில் நரி ஒழிந்துவிடாது. பரந்த நிலங்களில் நச்சு இரையையும் உயர்ந்த வேலிகளையுமே நம்பியிருக்கின்றனர். ஆடுகள் குட்டி ஈனுவதற்குச் சற்று முன்பு, மந்தையைச் சுற்றித் திரியும் இரண்டொரு நரிகளை அகற்றவே இத்தகரத் துண்டு பயன்படுகிறது.