ஒரு சதத்தின் கதை



கடந்த தீபாவளி விடுமுறைக்கு நமது லயத்துத் தம்பி ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவர் வேலை செய்வது ஒரு துரித உணவுக் கடையில். பர்கர், பொரித்த கோழி, சோடா விற்கின்ற கடை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். பேச்சுவாக்கில் தம்பி என்னிடம் ஒன்று சொன்னார்.

"ஐயா, எங்கம்மா ஒரு நாள் முழுக்க மழையில நனைஞ்சு வாங்குற பேரு காசுக்கு எங்க கடையில ஒரு பர்கரும் சோடாவும்தான் வாங்கலாம். அங்கேயே நிக்கிற நானும் அத வாங்கித் தின்ன யோசிக்கிறேன். இவ்வளவு விலைக்கு விக்கிறாங்களே, அந்தக் காசெல்லாம் எங்க போவுது?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் இந்த வியாபாரம் பிறந்த இடத்துக்கே, அமெரிக்காவுக்கே போக வேண்டும். அங்கே கடையில் வேலை செய்பவர்களும், கடைக்குத் தக்காளி பறித்துக் கொடுப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை.

கடை யாருடையது?

1948ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் மக்டொனால்ட் என்ற பெயருடைய சகோதரர்கள் இருவர் தமது சாப்பாட்டுக் கடையின் குசினியை மாற்றியமைத்தார்கள். முன்பு ஒரு சமையற்காரர் முழுச் சாப்பாட்டையும் செய்வார். புதிய முறையில் ஒருவர் இறைச்சியை மட்டும் சுடுவார், இன்னொருவர் கிழங்கை மட்டும் பொரிப்பார், மற்றொருவர் தாளில் சுற்றுவார். பெக்டரியில் வேலை பிரிப்பது போலத்தான். இதனால் சாப்பாடு சீக்கிரம் கிடைத்தது, விலையும் குறைந்தது. ஆனால் இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தொழில் தெரிந்த சமையற்காரர் தேவையில்லாமல் போய்விட்டார். ஒரே நாளில் பழக்கக்கூடிய வேலை என்றால், இன்று ஒருவரை நிறுத்தி நாளைக்கு இன்னொருவரை எடுக்கலாம் அல்லவா? சம்பளம் குறைவாக இருப்பதற்கு இது முதலாவது காரணம்.

பின்னர் ரே குரொக் என்ற வியாபாரி 1955இல் அதே பெயரில் கடைகள் திறக்கத் தொடங்கி, 1961இல் சகோதரர்களிடமிருந்து வியாபாரத்தை 27 இலட்சம் டொலருக்கு வாங்கிக்கொண்டார். இன்று மக்டொனால்ட்ஸ் பெயர்ப்பலகை உள்ள கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவு கம்பனி நேரடியாக நடத்துபவை அல்ல. தனித்தனி முதலாளிமார் நடத்துகிறார்கள். அவர்கள் பெயருக்கும் முறைக்கும் கம்பனிக்குப் பங்கு கட்ட வேண்டும். பெரும்பாலும் கட்டடத்துக்கு வாடகையும் கட்ட வேண்டும். ரொட்டியின் அளவு முதல் ஊழியரின் தொப்பி வரை கம்பனி சொன்னபடிதான் நடக்கும். ஆனால் ஊழியர் போய் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், "அது கடை முதலாளியின் விஷயம்" என்று கம்பனி சொல்லும். கடை முதலாளியோ, "கம்பனிக்குக் கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை" என்பார். ஒருவர் இன்னொருவரைக் கை காட்ட, நடுவில் நிற்பவர் தொழிலாளி. இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல.

ஒரு கணக்குப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி மிகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 7 டொலர் 25 சதம். 2009இல் வைத்த தொகை அது. வாரம் 40 மணித்தியாலம், வருடம் முழுவதும் ஒரு நாளும் விடாமல் வேலை செய்தாலும் 15,080 டொலர்தான் கிடைக்கும். அதே மக்டொனால்ட்ஸ் கம்பனியின் தலைமை நிர்வாகிக்கு 2012இல் கிடைத்தது ஏறக்குறைய 138 இலட்சம் டொலர். அந்தக் கடை ஊழியர் அத்தொகையைச் சம்பாதிக்க 900 வருடம் வேலை செய்ய வேண்டும்.

2013இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, துரித உணவுக் கடைகளில் முன்வரிசையில் வேலை செய்வோரின் குடும்பங்களில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 52, அரசாங்க நிவாரணத்தில் தங்கியிருந்தன. வேலை இருந்தும் உணவு முத்திரை எடுக்க வேண்டிய நிலை. கம்பனி கொடுக்காமல் விட்டதை மக்களின் வரிப்பணம் கொடுத்தது.

தக்காளித் தோட்டத்தில்

இப்போது கடையை விட்டு, பர்கருக்குள் இருக்கும் தக்காளித் துண்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் குளிர் காலத்தில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு புளோரிடா மாநிலத்தில் விளைவது. அங்கே இம்மோகலி என்று ஒரு சிறிய ஊர். மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிட்டி ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே தக்காளி பறிக்கிறார்கள். விடியுமுன் ஒரு திடலில் கூடி நிற்க வேண்டும். ஆள் எடுப்பவர் பஸ்ஸோடு வந்து, யார் வேண்டுமோ அவர்களை ஏற்றிச் செல்வார். நமது பிரட்டுக் களத்தில் பேராவது வாசிப்பார்கள். அங்கே அதுவும் நிச்சயமில்லை.

கூலி வாளிக் கணக்கில். ஒரு வாளி 32 இறாத்தல், அதாவது பதினான்கரை கிலோ. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, லொறியில் நிற்பவரிடம் வீச வேண்டும். 1980இல் வாளிக்கு 40 சதம் கொடுத்தார்கள். இருபது இருபத்தைந்து வருடம் கழித்தும் 45 சதம் அளவில்தான் நின்றது. அந்தக் கணக்கில் 50 டொலர் சம்பாதிக்க 110 வாளிக்கு மேல் பறிக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1,600 கிலோ!

அதிலும் ஒரு களவு இருந்தது. வாளி விளிம்பு வரை நிரம்பினால் 32 இறாத்தல் சரி. ஆனால் மேலே கும்பமாகக் குவித்துக் கொண்டு வந்தால்தான் ஒரு வாளி என்று எழுதுவார்கள். குவித்த பழத்துக்குக் கூலி இல்லை. பத்து வாளி பறித்தால் கிட்டத்தட்ட ஒரு வாளி சும்மா போய்விடும். தண்ணிக்கும் சாக்குக்கும் கழிப்பதைப் பற்றித் தறாசடியில் வாக்குவாதப்படும் நமது அக்காமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது?

1993இல் இம்மோகலித் தொழிலாளர்கள் ஒரு கோவில் மண்டபத்தில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் இம்மோகலித் தொழிலாளர் கூட்டமைப்பு உருவானது. அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1935இல் வந்தது. ஆனால் விவசாயத் தொழிலாளர்களை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. ஆகவே தோட்ட முதலாளி பேச்சுவார்த்தைக்கு வர மாட்டேன் என்றால் வர வைக்க வழியில்லை. 1995இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் ஆறு பேர் ஒரு மாதம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு இருநூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். கூலி கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

அப்போது அவர்கள் வேறுவிதமாக யோசித்தார்கள். தோட்ட முதலாளி ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்? அவரிடம் தக்காளி வாங்கும் பெரிய கம்பனிகள் விலையை அமுக்குகின்றன. ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே கை வாங்கும்போது, "இந்த விலைக்குத் தா, இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போகிறேன்" என்று சொல்லலாம். அந்த அமுக்கு மேலிருந்து கீழே வந்து கடைசியில் பறிப்பவரின் தோளில் இறங்குகிறது. அப்படியானால், கேட்க வேண்டிய இடம் மேலே உள்ள வாங்குபவர் அல்லவா?

இறாத்தலுக்கு ஒரு சதம்

அவர்கள் கேட்டது மிகச் சிறிய தொகை. இறாத்தலுக்கு ஒரு சதம் கூடுதலாகக் கொடுங்கள், அந்தச் சதம் பறித்தவர் கைக்கு வரட்டும் என்றார்கள். கடைக்குப் போகும் பழம் எல்லாவற்றுக்கும் அந்தச் சதம் கிடைத்தால், 45 சத வாளி 77 சதமாகும். வாங்குபவருக்கு ஒரு சதம், பறிப்பவருக்குப் பெரிய மாற்றம்.

2001 ஏப்ரலில் டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடைகளைப் புறக்கணிக்கும்படி மக்களைக் கேட்டார்கள். மாணவர்களும் கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்துகொண்டன. பல கல்லூரிகளில் மாணவர்கள் அந்தக் கடையை வளவுக்குள் வர விடவில்லை. நான்கு வருடம் போனது. 2005 மார்ச்சில் கம்பனி இணங்கியது. 2007இல் மக்டொனால்ட்ஸ் கையெழுத்திட்டது.

பர்கர் கிங் மறுத்தது. அந்தக் கம்பனிக்கு இதனால் வருடத்துக்கு வரக்கூடிய செலவு இரண்டரை இலட்சம் டொலர் என்று அப்போது பத்திரிகையில் எழுதினார்கள். உலகம் முழுவதும் கடை வைத்திருக்கும் கம்பனிக்கு அது எம்மாத்திரம்? ஆனால், இன்று ஒரு சதம் கொடுத்தால் நாளைக்கு வேறு எதையும் கேட்பார்கள் என்ற பயம் இருக்கும். கூட்டமைப்போடு நின்ற மாணவர்களை உளவு பார்க்க ஆள் வைத்த செய்தி 2008இல் வெளியே வந்து நாறியது. அதே வருடம் மே மாதம் பர்கர் கிங்கும் கையெழுத்திட்டது.

அப்போதும் காசு உடனே வரவில்லை. தோட்ட முதலாளிமார் சங்கம், இந்தச் சதத்தைத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அங்கத்தவருக்கு ஒரு இலட்சம் டொலர் தண்டம் என்று மிரட்டியது. கம்பனிகள் கொடுக்கச் சம்மதித்த காசு வங்கியில் முடங்கிக் கிடந்தது. 2010 நவம்பரில்தான் அந்தச் சங்கமும் இறங்கி வந்தது. அதன் பிறகு சம்பளச் சீட்டில் அந்தத் தொகை தனி வரியாக வரத் தொடங்கியது.

காசு மட்டும் அல்ல

இந்த ஒப்பந்தத்தில் நான் பெரிதாக நினைப்பது மற்றைய நிபந்தனைகளை. வாளியைக் குவிக்கச் சொல்லக்கூடாது. வேலை நேரத்தை மணிக்கூட்டில் பதிய வேண்டும். வெயிலுக்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடந்தவரைக் காப்பாற்றக்கூடாது. முறையிட இரவு பகல் எந்நேரமும் ஒரு தொலைபேசி இருக்கும், முறையிட்டவரைப் பழிவாங்கக்கூடாது. இதை மீறும் தோட்டத்திடம் ஒப்பந்தக் கம்பனிகள் தக்காளி வாங்கக்கூடாது. முன்பு விலையை அமுக்கிய அதே வாங்கும் பலம் இப்போது தொழிலாளருக்குக் காவலாக நிற்கிறது. இதே ஊரில் தொழிலாளரை லொறிக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கியவர்களுக்கு 2008இல் நீதிமன்றம் நீண்ட சிறைத்தண்டனை கொடுத்தது. அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு வந்தது சின்ன விஷயமல்ல.

எல்லாக் கம்பனியும் வந்துவிடவில்லை. சேர மறுத்த வென்டீஸ் கடைகளுக்கு எதிராக 2016இல் புறக்கணிப்பு அறிவித்தார்கள்.

கடை ஊழியர்களும் சும்மா இருக்கவில்லை. 2012 நவம்பரில் நியூயோர்க் நகரில் ஏறக்குறைய இருநூறு பேர் வேலையை விட்டு வெளியே வந்து, மணித்தியாலத்துக்கு 15 டொலரும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டார்கள். அந்த நேரம் பலர் சிரித்தார்கள். ஆனால் நியூயோர்க் நகரத்தில் 2018 முடிவில் துரித உணவு ஊழியருக்கு 15 டொலர் வந்தது. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுக் கடைகளில் 20 டொலர். இதனால் விலை ஏறும், வேலை குறையும் என்று கம்பனிகள் சொல்கின்றன. அதுபற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மத்திய அரசின் 7 டொலர் 25 சதம் 2009க்குப் பின் ஏறவில்லை. அதனால் எத்தனையோ மாநிலங்களில் அதே பர்கருக்கு இன்னும் பழைய சம்பளம்தான்.

நமக்கு என்ன?

"அது அமெரிக்கா ஐயா, நமக்கு அதெல்லாம் சரிவருமா?" என்று கேட்பீர்கள். அவர்கள் நாடு வேறு, சட்டம் வேறு. நமக்குச் சங்கம் வைக்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை. ஆனாலும் மூன்று விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, கணக்கு. இம்மோகலி மக்கள் வாளிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். நீங்களும் அன்றன்றைய கிலோவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சம்பள நாளில் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அதே வாரம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இரண்டு, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழித்தால், முதலாளி 12 சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் பணத்தில் 3 கட்ட வேண்டும். கழித்ததைக் கட்டினார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம். காரியாலயத்துக்கு வந்தால் கடிதம் எழுத நானும் உதவுகிறேன்.

மூன்று, பொறுமை. ஒரு சதத்துக்கு 1993இலிருந்து 2010 வரை பதினேழு வருடம் ஆனது. நடுவில் பலர் ஊரை விட்டுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். கூட்டம் மட்டும் கலையவில்லை.

தம்பியின் கேள்விக்கு இதுதான் என் பதில். காசு கீழே வராமல் இருப்பது இயற்கை அல்ல. மேலே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்து கேட்டால், தாமதமாகவாவது ஒரு சதம் கீழே வரும். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க சம்பளச் சீட்டையும் ஒருக்கா பாக்கணும் ஐயா" என்றார். சீட்டைப் பார்த்தோம். இரண்டு மாதமாகச் சேமலாப நிதி கழித்திருந்தார்கள், அங்கத்துவ இலக்கம் மட்டும் இல்லை. இப்போது அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம்.