பிடில் வாசித்தால் உயிர்!

காலையில் கைதிகள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். வாசலில் வாத்தியங்கள் முழங்குகின்றன. தாளத்துக்கு ஏற்றபடி அவர்கள் காலெடுத்து வைக்க வேண்டும். மாலையில் குற்றுயிராகத் திரும்பும்போதும் அதே முழக்கம்தான். வாசிப்பவர்களும் கைதிகளே. அத்தனை பேரும் பெண்கள்!

இது கட்டுக்கதை அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, போலந்தில் ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் நடந்தது. அங்கே சுமார் 11 லட்சம் பேர் மாண்டார்கள். மிகப் பெரும்பாலோர் யூதர்கள். விஷவாயு அறைகளில் அடைத்துக் கொன்றார்கள்.

அந்த வாத்தியக் கோஷ்டியைப் பற்றி 1980-ல் அமெரிக்க டெலிவிஷனுக்காக ஒரு படம் எடுத்தார்கள். பெயர் 'பிளேயிங் ஃபார் டைம்'. 'வாசிக்கும் வரை உயிர்' என்று நாம் சொல்லலாம். வசனம் எழுதியவர் பிரபல நாடகாசிரியர் ஆர்தர் மில்லர்.

பாரிஸ் பாடகி

பாரிஸ் நகரப் பாடகி ஃபானியா ஃபெனலோன் எழுதிய புத்தகமே படத்துக்கு மூலம். முகாமில் அவருக்கு மொட்டை அடிக்கிறார்கள். 'மேடம் பட்டர்பிளை' இசை நாடகப் பாட்டு யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறார்கள். ஃபானியா பாடுகிறார், பிழைக்கிறார்.

ஃபானியாவாக நடித்தவர் வனெசா ரெட்கிரேவ். இதற்காக நிஜமாகவே தலைமுடியைத் துறந்தார். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஆதரிப்பவர் என் வேடத்தில் நடிப்பதா என்று ஃபானியாவே ஆட்சேபித்தார். ஆனாலும் நடிப்புக்கான எம்மி பரிசு ரெட்கிரேவுக்குக் கிடைத்தது. நியாயமான பரிசுதான்.

கண்டிப்பு ஏன்?

கோஷ்டித் தலைவி அல்மா ரோஸே விஷயத்தில்தான் படம் சறுக்குகிறது. படத்து அல்மா ஒரு சிடுமூஞ்சி. தப்பாக வாசித்தால் அடிக்கிறார். நாஜிகளின் பாராட்டுக்கு ஏங்குகிறார்.

உண்மையில் அவர் யார்? வியன்னாவின் பெரிய பிடில் வித்துவான் அர்னால்டு ரோஸேயின் மகள். யுத்தத்துக்கு முன்பே பெண்கள் மட்டும் கொண்ட கோஷ்டி நடத்தியவர். தகப்பனாருடன் லண்டனுக்குத் தப்பினார். பிழைப்புக்காக ஹாலந்து போய் அங்கே சிக்கிக்கொண்டார்.

1943 ஆகஸ்டில் முகாம் கோஷ்டி அவர் கைக்கு வந்தது. பலர் சிறு பெண்கள், அரைகுறையாகக் கற்றவர்கள். மாண்டலின், அக்கார்டியன், கிதார் என்று கிடைத்ததை வைத்துக்கொண்டு நாள் முழுதும் ஒத்திகை நடத்தினார். நன்றாக வாசிக்காவிட்டால் கோஷ்டியைக் கலைத்துவிடுவார்கள். கலைத்தால் அடுத்த இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்! வாசிக்க வராதவர்களையும் அவர் கைவிடவில்லை. சுரம் நகல் எடுக்க வைத்துக்கொண்டார்.

1944 ஏப்ரலில் திடீரென்று நோயுற்று இறந்தார். வயது 37. கோஷ்டிப் பெண்களில் பெரும்பாலோர் யுத்தம் முடிந்தபோது உயிரோடு இருந்தார்கள்.

அவர்களில் பலருக்கு ஃபானியாவின் புத்தகமும் படமும் கோபமூட்டின. எங்கள் அல்மா இவர் அல்ல என்றார்கள். அப்படி வாதாடியவர்களில் ஒருவர் அனிதா லாஸ்கர். 18 வயதில் கோஷ்டியில் செல்லோ வாசித்தவர். செல்லோ என்பது பிடிலின் பெரியண்ணன். பெரும்பாலும் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள்.

யுத்தத்துக்குப் பின் அனிதா இங்கிலாந்தில் குடியேறினார். இங்கிலீஷ் சேம்பர் ஆர்க்கெஸ்டிரா என்ற இசைக்குழுவை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அதில் பல ஆண்டுகள் செல்லோ வாசித்தார். அவர் மகன் ராபேலும் செல்லோ வித்துவான்தான்.