சுவரில் நிற்கும் உழைப்பாளிகள்

வழிபாட்டுத் தலத்திற்குள் நுழைந்ததும் நம் கண்கள் முதலில் சந்நிதியை நாடும். பிறகு தூண்களுக்கும் விதானத்திற்கும் சுவர்களுக்கும் செல்லும். இந்துக் கோயிலானால் அங்கே புராணக் கதைகள் இருக்கும். மாதா கோயிலானால் புனிதர்களும் வானதூதர்களும் இருப்பார்கள். அந்தச் சுவரிலே நம் தாயின் முகமும், வேலைக்குப் போய் உயிரோடு திரும்பாத ஒரு மகனின் உடலும், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் தீட்டப்பட்டிருந்தால் நாம் என்ன நினைப்போம்? கதையல்ல, உண்மையாகவே அப்படி ஒரு தேவாலயம் இருக்கிறது. இன்று அதைத்தான் நாம் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்னும் நகரம் உண்டு. இரும்புக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர் அது. அதை ஒட்டி அலெகனி ஆறு ஓடுகிறது. ஆற்றின் மறுகரையில், மேட்டுச் சரிவில் அமைந்த சிற்றூர் மில்வேல். அங்கே நெடுஞ்சாலையைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கிறது, புனித நிக்கோலஸ் தேவாலயம். அதைக் கட்டியவர்கள் குரோஷியா நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள்.

குரோஷியர்கள் ஏன் இவ்வளவு தொலைவு வந்தார்கள்? அவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். துண்டு துண்டாகிப்போன நிலம், அதன்மேல் வரி. போதாக்குறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னும் ஒரு சிறு பூச்சி ஐரோப்பா முழுவதும் பரவித் தோட்டங்களை அழித்தது. இளைஞர்கள் கப்பலேறினார்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்பதே பலருடைய எண்ணம். ஆனால் பலர் திரும்பவில்லை. இந்தப் பகுதியைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு நம் பாட்டன்மார் சொன்ன கதை நினைவுக்கு வரலாம்.

வந்தவர்களுக்குக் கிடைத்த வேலை எத்தகையது? எஃகு ஆலையில் உலையருகே வேலை. இல்லையேல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர உழைப்பு. அந்நாட்டின் மிகப் பெரிய எஃகு நிறுவனத்தில் இந்த வழக்கம் 1923-ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது. பெண்கள் ஆலைக்குப் போகவில்லை என்றாலும் ஓய்ந்திருக்கவில்லை. வீட்டில் ஒற்றை ஆட்களைத் தங்க வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அவர்களுடைய கரி படிந்த துணிகளைத் துவைத்தார்கள். பகல் வேலைக்காரன் எழுந்துபோன படுக்கையில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். படுக்கையின் சூடு ஆறுவதில்லை.

விபத்துகளோ ஏராளம். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் அம்மையார், பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகனி மாவட்டத்தில் வேலையின்போது இறந்தவர்களைக் கணக்கெடுத்தார். 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரையிலான ஒரே ஆண்டில் இறந்தவர்கள் 526 பேர். கணவனை இழந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றிற்கு முதலாளிகள் கொடுத்தது 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு. 1910-இல் நூலாக வந்த இந்த ஆய்வு, தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் பிறக்க ஒரு தூண்டுகோலாயிற்று. பென்சில்வேனியாவில் அத்தகைய சட்டம் 1915-இல் வந்தது.

சட்டம் வரும்வரை இந்த ஏழைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1894-ஆம் ஆண்டிலேயே அவ்வட்டாரத்துக் குரோஷியர்கள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதந்தோறும் சிறு தொகை கட்டினால், உறுப்பினர் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ குடும்பத்திற்கு உதவி கிடைக்கும். நம் தோட்டங்களில் மரணச் சகாய நிதி என்று நடத்தினோமே, அதுபோன்றது. அதே 1894-இல் தங்களுக்கென ஒரு கத்தோலிக்கப் பங்கையும் அமைத்துக்கொண்டார்கள். அந்தப் பங்கிலிருந்து பிரிந்தவர்கள் 1900-இல் மில்வேலில் தனியாகத் தேவாலயம் எழுப்பினார்கள். அது 1921-இல் தீக்கிரையாயிற்று. அவர்கள் சோர்ந்துவிடாமல் மறு ஆண்டே மீண்டும் கட்டினார்கள்.

கட்டடம் எழும்பியது, சுவர்கள் வெறுமையாக இருந்தன. 1937-ஆம் ஆண்டில் பங்குத்தந்தையாக இருந்தவர் ஆல்பர்ட் சாகர். அவர் மாக்ஸோ வாங்கா என்னும் குரோஷிய ஓவியரை அழைத்துச் சுவர்களை ஒப்படைத்தார். வாங்கா 1889-இல் சாக்ரெப் நகரில் பிறந்தவர். உயர்குடியில் மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று சொல்லப்படுவதுண்டு. பிறந்த வீடு அவரை ஏற்கவில்லை. ஏறத்தாழ எட்டு வயது வரை ஒரு கிராமத்துக் குடியானவப் பெண்தான் அவரைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். பின்னர் அவர் பிரஸ்ஸல்ஸ் சென்று ஓவியம் கற்றார். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மனமின்றிச் செஞ்சிலுவைச் சேவையில் சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூக்கினார். சாக்ரெப் ஓவியக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1934-இல் தம் அமெரிக்க மனைவியுடன் அமெரிக்காவில் குடியேறினார்.

வளர்த்த தாய் ஒரு குடியானவப் பெண். வாலிபத்தில் கண்டது போர்க்களம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

வாயிலைக் கடந்ததும் பலிபீடத்திற்குப் பின்னே, உயரத்தில், மரியன்னை அமர்ந்திருக்கிறாள். 'குரோஷியர்களின் அரசி' என்பது இச்சித்திரத்தின் பெயர். அவள் உடுத்தியிருப்பது குரோஷியக் கிராமத்துப் பெண்ணின் பூவேலை செய்த ஆடை. அவள் கைகளைச் சற்று உற்றுப் பார்ப்போம். மெல்லிய விரல்கள் அல்ல. மண்வெட்டி பிடித்த, துணி துவைத்த, பெரிய முரட்டுக் கைகள். தங்கள் வீட்டுக் கிழவியின் கைகளை அந்தப் பெண்கள் மாதாவிடம் கண்டார்கள்.

மாதாவின் கீழே இருபுறமும் இரண்டு காட்சிகள். இடப்புறம் தாய்நாடு: வயலில் வேலைக்கிடையே மக்கள் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். வலப்புறம் வந்த நாடு: தொழிலாளர்கள் மண்டியிட்டிருக்க, தந்தை சாகர் அவர்கள் கட்டிய தேவாலயத்தின் சிறு உருவத்தை மாதாவுக்குக் காணிக்கையாக ஏந்துகிறார். பின்னால் ஆலைகள் நிற்கின்றன. ஒருபுறம் விட்டு வந்த மண். மறுபுறம் பிழைக்க வந்த மண். இரண்டுக்கும் நடுவே ஒரே தாய்.

இனி ஒரு சோடிச் சித்திரங்களைப் பார்ப்போம். 'குரோஷியத் தாய் தன் மகனைப் போருக்காக வளர்க்கிறாள்' என்பது ஒன்று. சவப்பெட்டியில் இளைஞன் கிடக்கிறான். வெள்ளை உடை தரித்த பெண்கள் சுற்றி அமர்ந்து அழுகிறார்கள். பின்னணியில் மலைச்சரிவு எங்கும் கல்லறைச் சிலுவைகள். 'குடியேறிய தாய் தன் மகன்களைத் தொழிலுக்காக வளர்க்கிறாள்' என்பது மற்றொன்று. இங்கே சவப்பெட்டிகூட இல்லை. விரித்த செய்தித்தாள்களின்மேல் மகனின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. பெண்கள் அதைச் சூழ்ந்து கதறுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உயிரோடிருப்பவர்களுக்கு உழைப்பு காத்திருக்கிறது.

இரண்டு தலைப்புகளையும் மறுபடி சொல்லிப் பார்ப்போம். போருக்காக வளர்க்கிறாள், தொழிலுக்காக வளர்க்கிறாள். எந்தத் தாய் அப்படி எண்ணிப் பிள்ளையை வளர்ப்பாள்? அவள் வளர்த்தது தனக்காக, அவனுக்காக. பறித்துக்கொண்டவர்கள் வேறு. போரில் விழுந்த மகனுக்கு வீரன் என்ற பெயராவது கிடைக்கும். ஆலையிலோ சுரங்கத்திலோ விழுந்த மகனுக்கு அதுவும் இல்லை. இரண்டு தாய்மாரின் கண்ணீரும் ஒன்றே என்று வாங்கா சொல்கிறார். அதையும் தேவாலயச் சுவரிலேயே சொல்கிறார்.

முதல் தொகுதிச் சித்திரங்களை அவர் 1937-இல் சுமார் எட்டு வாரங்களில் முடித்தார். பகலில் மக்கள் வந்து போகும் சந்தடி. ஆகவே சாரத்தின்மேல் ஏறி நள்ளிரவு கடந்தும் தீட்டினார். அந்த இரவுகளில் கறுப்பு அங்கி தரித்த ஓர் ஆவியுருவம் பலிபீடத்தருகே நடமாடியதைத் தாம் கண்டதாக அவர் நண்பர்களிடம் சொன்னார். எழுத்தாளர் லூயிஸ் அடாமிக் அதை 1938-இல் ஒரு பத்திரிகையில் எழுத, நாடெங்கும் மில்வேலின் பெயர் பரவிற்று. ஆவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆவிக்கதை கேட்டு வந்தவர்கள்கூடச் சித்திரங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள் என்பது மட்டும் நமக்குப் போதும்.

வாங்கா 1941-இல் மீண்டும் வந்தார். அப்போது போர் மூண்டுவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அவருடைய தாய்நாடும் அடங்கிய யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடந்தது. ஆகவே இரண்டாம் தொகுதியில் சினம் கொதிக்கிறது. ஒரு சித்திரத்தில் போர்க்களத்தின் நடுவே இயேசு சிலுவையில் தொங்க, ஒரு சிப்பாய் துப்பாக்கிமுனைக் கத்தியை அவர் விலாவில் செருகுகிறான்.

இன்னும் ஒரு சோடி. உயரத் தொப்பி அணிந்த பணக்காரர் தனியாகச் சாப்பிட அமர்ந்திருக்கிறார். கையில் பங்குச் சந்தைச் செய்தி. ஒரு கறுப்பின ஊழியர் உணவு பரிமாறுகிறார். கீழே பிச்சைக்காரன் ஒருவன் கிடக்கிறான். அவன்மீது அவர் பார்வை விழவில்லை. இதற்கு எதிரிணையாக ஓர் உழைப்பாளிக் குடும்பம். மேசையில் ரொட்டியும் சூப்பும்தான். ஆனால் எல்லாரும் கூடியிருந்து ஜெபம் சொல்கிறார்கள். முதல் மேசையில் உணவு நிறைய உண்டு, உறவு இல்லை. இரண்டாவதில் உணவு குறைவு, ஒருவரும் தனியாக இல்லை.

கடைசியாக இரண்டு தராசுகள். 'அநீதி' என்னும் சித்திரத்தில் விஷவாயு முகமூடி அணிந்த ஓர் உருவம் தராசைப் பிடித்திருக்கிறது. ஒரு தட்டில் பொன், மறு தட்டில் ரொட்டி. பொன் தட்டு தாழ்ந்து நிற்கிறது. 'நீதி' என்னும் சித்திரத்திலோ ரொட்டித் தட்டு தாழ்ந்து நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். மனிதனின் உணவைவிடப் பொன்னுக்குக் கனம் அதிகம் என்று எந்த நாடு நினைக்கிறதோ, அங்கே அநீதி ஆளுகிறது. அந்த முகமூடியும் வெறும் கற்பனையில்லை. முதல் உலகப் போரில் 1915-இல் விஷவாயு பெருமளவில் வீசப்பட்ட களங்களுள் ஒன்று பெல்ஜியத்திலுள்ள ஈப்பர். வாங்கா சேவை செய்த நாடும் அதுவே.

இத்தகைய சித்திரங்கள் மொத்தம் இருபத்தைந்து. இனி இவற்றுக்கு வந்த ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுவரில் சித்திரம் தீட்ட இரண்டு முறைகள் உண்டு. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை இட்டால், சாந்து இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து கல்போலாகிவிடும். காய்ந்த சாந்தின்மேல் தீட்டினால் வேலை சுலபம். ஆனால் வண்ணம் மேலே ஒரு தோல்போல் மட்டுமே ஒட்டியிருக்கும். வாங்கா தீட்டியது காய்ந்த சாந்தில். கூரையிலும் சுவரிலும் மழைநீர் கசிந்தபோது, நீர் சுவருக்குள் இருந்த உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்தது. நீர் ஆவியாகிவிடும்; உப்பு பூத்து நின்று வண்ணத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். நம் வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்வதும் இப்படித்தான்.

அதோடு புகைக்கரி. ஆலைகள் கக்கிய கரி, மெழுகுவர்த்திப் புகை, கணப்புப் புகை எல்லாம் படிந்து சித்திரங்கள் கறுத்துப்போயின. எந்த உழைப்பைச் சித்திரங்கள் காட்டினவோ, அந்த உழைப்பின் கரியே அவற்றை மூடிற்று.

இவற்றைக் காப்பாற்ற 1991-இல் ஒரு சங்கம் அமைந்தது. வல்லுநர்கள் சாரம் கட்டி ஏறி, அங்குலம் அங்குலமாகக் கரியைத் துடைத்து, உப்பை நீக்கி, உதிரும் வண்ணத்தை ஒட்டவைத்தார்கள். இருளில் கிடந்த சித்திரங்களுக்கு நல்ல விளக்குகளும் அமைத்தார்கள். பார்க்க வருபவர்களை வழிகாட்டிகள் அழைத்துச் சென்று ஒவ்வொன்றாக விளக்குகிறார்கள்.

ஆனால் 1894-இல் அமைந்ததாகச் சொன்னோமே, அந்த மூத்த பங்கின் தேவாலயம் ஆற்றோரமாகச் சில மைல் தொலைவில் இருந்தது. பங்கு மக்கள் குறைந்தார்கள், கதவு மூடப்பட்டது, காப்பாற்றச் சிலர் பாடுபட்டும் 2013-ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. இரண்டும் ஒரே மக்கள் வியர்வையில் கட்டியவை. ஒன்று நிற்கிறது, மற்றொன்று இல்லை. காப்பதற்குக் கைகள் சேர்ந்தால்தான் எதுவும் நிற்கும்; தானாக எதுவும் நிற்காது.

நேயர்களே, நாம் எல்லாரும் மில்வேலுக்குப் போக முடியாது. போனவர்கள் சொல்வதைக் கேட்கலாம், படங்களில் பார்க்கலாம். ஆனால் அந்தச் சுவர்கள் சொல்லும் செய்தி நமக்கும் உரியது. நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள். காடு திருத்தி, ரப்பர் நட்டு, அதிகாலையில் பால் வெட்டியவர்கள். அவர்களும் தோட்டந்தோறும் கோயில் எழுப்பினார்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயங்கள் பல இடிந்துவிட்டன. கோயில் சுவரில் நம் பாட்டியின் கைகளைத் தீட்ட ஒரு வாங்கா வரவில்லை. அதனால் அந்தக் கைகளுக்கு மதிப்பில்லை என்றாகிவிடுமா?

வீட்டில் ஒரு பழைய புகைப்படம் இருக்கலாம். பால்வெட்டுக் கத்தி ஒன்று இருக்கலாம். தோட்டத்துக் கோயிலில் உபயகாரர்களின் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கலாம். அவற்றைத் துடைத்து வைப்போம். படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, இது யார், அது யார் என்று கேட்கச் சொல்வோம். கேட்காமல் விட்டால், உப்புப் பூத்த சுவர்போல் அந்த நினைவும் ஒவ்வொரு செதிளாக உதிர்ந்துவிடும்.